டார்ச் லைட் மட்டும் வைத்து ஓர் இரவுப் படம்: ராகிக்காட்டுக் காவல் குறும்படத்துக்கு யோசனை வேண்டும்

பாலக்கோட்டான்

எல்லோருக்கும் வணக்கம். நண்பர்கள் சேர்ந்து 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறோம். கதை தேன்கனிக்கோட்டைப் பக்கம் நடக்கிறது. ராகி அறுப்புக்கு முன்னால் பரண் மேல் காவல் இருக்கும் ஓர் அப்பா. அவரோடு பேச்சே இல்லாமல் போன மகன். ஒரு ராத்திரி இருவரும் சேர்ந்து காவலுக்குப் போக வேண்டியிருக்கிறது. காட்டில் யானை இறங்கியிருப்பது இருவருக்கும் தெரியும், எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியாது. அப்பா கையிலிருக்கும் டார்ச், மகனுடைய செல்போன் லைட், இவை இரண்டைத் தவிர வேறு வெளிச்சம் படத்தில் தெரியக்கூடாது என்பது என் ஆசை.

சோனி எஃப்எக்ஸ்30 கேமரா வாடகைக்கு எடுக்கிறோம். லென்ஸ் 16 எம்எம், 30 எம்எம் இரண்டுமே எஃப் 1.4, அதாவது நிறைய வெளிச்சம் உள்ளே விடுகிறவை. எங்கள் ஊர் மாந்தோப்பில் ஒரு சோதனை எடுத்துப் பார்த்தோம். டார்ச் அடித்த இடம் வெள்ளையாக வெந்துபோகிறது, மற்ற இடமெல்லாம் ஒரே கறுப்பு. சினிமாவில் வருவதுபோல் கற்றை நீளமாகத் தெரியவும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, பார்த்தால் பயமே வரவில்லை. என்ன செய்யலாம்?

ஓசூர் கேமரா

தம்பி, முதலில் கற்றையைப் பார்ப்போம். சுத்தமான காற்றில் போகிற வெளிச்சம் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. வழியில் தூசி, புகை, பனித்துளி ஏதாவது இருந்து அதில் பட்டுச் சிதறினால்தான் கோடு விழும். மழை பெய்து தூசி அடங்கிய தோப்பில் எவ்வளவு பெரிய டார்ச் அடித்தாலும் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. அந்தச் சிதறல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நடப்பதில்லை. வெளிச்சம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையை ஒட்டியே அதிகமாகச் சிதறும். அதனால் டார்ச் எதிர்ப்பக்கத்திலிருந்து கேமராவைச் சற்றே விலகினாற்போல் வந்தால் கற்றை பளிச்சென்று நிற்கும். கேமராவின் பக்கத்திலிருந்து முன்னால் அடித்தால் அதே புகையில் மங்கிப்போகும். சோதனையில் நீங்கள் நடிகரின் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் முன்னால் போய் நின்று எடுத்துப் பாருங்கள்.

புகைக்கு, கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் நுழையும்போது விடும் மிஷின் சரிப்படாது. அது மூட்டை மூட்டையாகக் கக்கும். ஹேசர் என்று தனியாக இருக்கிறது. அது விடுவது சலித்த மாவு போல் மெல்லிசாக, ஒரே சீராகப் பரவும். ஆனால் வெட்டவெளியில் எதை விட்டாலும் காற்று கொண்டுபோய்விடும். புகை மிஷின்தான் கையில் இருக்கிறதென்றால், நெடுக ஓட்டை போட்ட நீளமான பாலித்தீன் குழாயை அதன் வாயில் கட்டி, காற்று வரும் பக்கத்து வரப்போரமாகப் படுக்க வையுங்கள். புகை ஒரே இடத்தில் குவியாமல் பரவலாக எழும். அதிகாலை 3 மணிக்கு மேல் பெரும்பாலும் காற்று அடங்கிவிடும், வேலை சுலபம்.

வெந்துபோகிறதே, அதற்கு வருகிறேன். டப்பாவில் லூமன் என்று பெரிய எண் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்காதீர்கள். அது மொத்த வெளிச்சம். நமக்கு வேண்டியது அந்த வெளிச்சம் எப்படி விரிகிறது என்பது. முகப்பை இழுத்துத் தள்ளும் ஜூம் டார்ச் வேண்டவே வேண்டாம். முழுக்கக் குவித்தால் சுவரில் சதுரமாக ஒரு கட்டி விழும். உள்ளே இருக்கும் எல்இடி சில்லின் உருவம் அது, பார்த்தவுடனே செயற்கையாகத் தெரியும். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பான ரிஃப்ளெக்டர் உள்ள டார்ச் எடுங்கள். நடு வட்டத்திலிருந்து ஓரம்வரை மெதுவாகக் குறையும். முகப்பில் வட்டமாக வெட்டிய டிரேசிங் பேப்பரோ என்டி ஜெல்லோ (நிறம் மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் தாள்) ஒட்டுங்கள். கேமராவை 2500 பேஸ் ஐஎஸ்ஓவில் (குறைந்த வெளிச்சத்துக்கென்று அதில் இருக்கும் அடிப்படை உணர்திறன்) வைத்து, வட்டத்தின் நட்டநடுவு மட்டும் லேசாக வெந்தால் போதும் என்று அளவு வையுங்கள்.

வெளிச்சம் அதிகம் என்று டார்ச்சை லோ மோடில் மட்டும் வைக்காதீர்கள். நிறைய டார்ச்சுகள் லோ மோடில் உண்மையில் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. கேமரா சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். ஹை மோடில் வைத்து ஜெல்லால் குறைப்பதுதான் பத்திரம்.

ராகிக்காடு

நான் சினிமாக்காரன் இல்லை. தளி ரோட்டில் எங்களுக்கு ராகியும் தக்காளியும் இருக்கிறது. பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கும் மாதங்களில் வீட்டுக்கு ஓர் ஆள் காவலுக்குப் போவோம். படத்தில் காட்டுவது ஒன்று, நாங்கள் செய்வது ஒன்று. அதனால் எழுதுகிறேன்.

ராத்திரி வரப்பில் நடக்கிறவன் லைட்டைத் தூரமாக அடிக்கவே மாட்டான். காலுக்கு ஈரடி முன்னால்தான் அடிப்பான், பாம்புக்காக. கை கீழே தொங்கும், வெளிச்ச வட்டம் தரையில் அவன் கூடவே வரும். படங்களில் எல்லோரும் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் சுழற்றுகிறார்கள். அது போலீஸ்காரர் பிடிக்கிற பிடி. காட்டுக்காரன் அப்படிச் சுழற்றினால் தடுக்கி விழுவான்.

பரண் மேல் ஏறிவிட்டால் லைட் அணைந்தேதான் இருக்கும். எரிகிற வரைக்கும் அந்த வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்தால் கொல்லை தெரிய ஆரம்பிக்கும். வானம் எங்கே முடிகிறது, மரம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது தெரியும். நேற்று இல்லாத கறுப்பு இன்றைக்கு ஓரத்தில் நிற்கிறதா என்பதும் தெரியும்.

அதற்கப்புறம் காதுதான். யானை நடந்து வருகிற சத்தம் கேட்கும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் வந்து நிற்கிறவரைக்கும் தெரியாமல் வந்த நாள் உண்டு. மேய்கிற சத்தம்தான் கேட்கும். தாளைச் சுருட்டிப் பிடுங்குகிற சத்தம், அப்புறம் வேரில் ஒட்டிய மண் போகக் காலில் தட்டுகிற சத்தம். பிடுங்கல், தட்டல், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடி பிடுங்கல். அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் கஷ்டம்.

சத்தம் வந்ததும் லைட் அடிக்க மாட்டோம். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், ஒன்றா கூட்டமா என்று காதில் வாங்கிக்கொண்டுதான் அடிப்போம். அடித்த நொடியில் நாம் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் நான் பதறிப்போய் பேட்டரி லைட்டை எடுத்தபோது எங்கள் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு இறுக்கமாக அவர் என்னைப் பிடித்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

பாலக்கோட்டான்

அண்ணா, இதைப் படித்ததும் திரைக்கதையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். எங்கள் படத்தில் அப்பா பாத்திரம் முதல் காட்சியிலிருந்தே காட்டுக்குள் லைட் அடித்துக்கொண்டே இருந்தார். இப்போது நடக்கும் காட்சி முழுக்க வட்டம் தரையில்தான். அந்த வட்டம் ஒரே ஒரு முறை தரையை விட்டு எழும். எப்போது எழும் என்பதைச் சுற்றித்தான் மற்றக் காட்சிகளை எழுத வேண்டும்.

அந்த மணிக்கட்டைப் பிடித்ததைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா? உங்கள் அனுமதி இல்லாமல் வேண்டாம்.

ராகிக்காடு

தாராளமாக வையுங்கள் தம்பி. அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கிருஷ்ணகிரி எடிட்டர்

ராகிக்காடு அண்ணா சொன்னதை எடிட்டிங் பக்கமிருந்து பார்க்கிறேன். நானும் திகில் படங்களை வெட்டியிருக்கிறேன். கதாபாத்திரம் டார்ச்சைச் சுழற்றுவது, வட்டம் ஒரு முகத்தில் விழுவது, டம்மென்று ஓசை. இதைப் பார்த்துப் பார்த்து மக்களுக்குப் பழகிவிட்டது. வட்டம் எங்கே போகிறதோ அங்கே ஏதோ இருக்கும் என்று முன்கூட்டியே தயாராகிவிடுகிறார்கள். அதனால் வட்டம் போகாத இடம்தான் நமக்கு வேலை செய்யும்.

இதை நன்றாகச் செய்த படம் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ (1982). ஒளிப்பதிவு ஆலன் டேவியோ. ஆரம்பத்தில் காட்டுக்குள் ஆட்கள் தேடி வருவார்கள். முகம் ஒன்றையும் காட்ட மாட்டார்கள். மரங்களுக்கு நடுவே ஆடும் கற்றைகள், இடுப்பில் குலுங்கும் சாவிக்கொத்து, அவ்வளவுதான். டார்ச் வைத்திருப்பவன் பக்கம் நாம் இல்லை, தேடப்படுகிறவன் பக்கம் இருக்கிறோம். வெளிச்சம் நம்மைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக நம்மைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் கதையிலும் ஒரு ஷாட்டாவது ராகிக் கதிருக்குள் தாழ்வாகக் கேமராவை வைத்து, தூரத்தில் பரண் மேல் லைட் எரிவதை யானை நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். கற்றை கேமராப் பக்கம் வருவதால் ஓசூர் அண்ணா சொன்ன கணக்குப்படி அங்கேதான் அது நன்றாகவும் தெரியும்.

அடுத்தது நேரம். மனிதக் கண் முழு இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், பழகினது கலைய ஒரு வெளிச்சம் போதும். இருட்டான அரங்கில் படம் பார்க்கிறவர் கண்ணுக்கும் இது கொஞ்சம் நடக்கிறது. டார்ச் நேராக லென்ஸில் அடித்து, உடனே இருட்டான ஷாட்டுக்கு வெட்டினால் சில நொடிகள் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. அந்த நொடிகளை நாம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்த ஷாட்டுக்குப் போனால் வீண். அந்த இருட்டில் முதலில் சத்தத்தை விடுங்கள். பிடுங்கல், தட்டல். உருவம் தெரிகிறதா இல்லையா என்று கண் தேட ஆரம்பிக்கும்போது வெட்டுங்கள்.

எடுக்கும்போது 10 பிட்டில் (வெளிச்சப் படிகள் அதிகமாகப் பதியும் முறை) எடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 8 பிட்டில் கற்றையின் ஓரம் கறுப்பில் கரையும் இடத்தில் படிப்படியாக வளையம் விழும். யூடியூபில் ஏற்றினால் அது இன்னும் மோசமாகும். கடைசியில் லேசாக கிரெயின் (ஃபிலிமில் தெரிவதுபோன்ற பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் அந்த வளையம் ஓரளவு மறையும்.

ஓசூர் கேமரா

ராகிக்காடு அண்ணா சொல்வது வாழ்க்கைக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் லைட்டை அணைத்து வைத்தால் படத்தில் என்ன தெரியும்? நம் கண் பழகுவது மாதிரி சென்சார் பழகாது. ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போனால் வெறும் புள்ளி மழைதான் மிஞ்சும். அதனால் நிலா என்று ஒன்றை நாம்தான் வைக்க வேண்டும். ஆசை வேறு, ஆனால் இந்த ஓர் இடத்தில் பாலக்கோட்டான் தம்பி விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

பெரிய லைட் ஒன்றை உயரத்தில், நடிகர்களுக்குப் பின்னால், தூரமாக வையுங்கள். டார்ச் வட்டத்தைவிட 4 ஸ்டாப்பாவது கீழே இருக்கட்டும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). கதிரின் மேல் நுனியும் தோளின் ஓரமும் மட்டும் பிடித்தால் போதும். அது தனி வெளிச்சம் என்று யாருக்கும் தோன்றாது, இடம் எது என்று மட்டும் தெரியும். இடம் தெரியாத இருட்டில் பார்க்கிறவனுக்குப் பயம் வராது, சலிப்புதான் வரும். உங்கள் சோதனை அப்படித்தான் ஆகியிருக்கும்.

பரணும் வானமும் சேர்ந்து வரும் அகல ஷாட்டுகளை ராத்திரியில் எடுக்காதீர்கள். சூரியன் இறங்கியதும் நம் பக்கம் 20 நிமிடம் போல நீல வெளிச்சம் இருக்கும். அதன் கடைசிப் பகுதியில் கேமராவில் வெளிச்ச அளவைக் குறைத்து எடுத்தால் அது ராத்திரி ஆகிவிடும், டார்ச்சும் தெரியும். நேரம் குறைவு. ஒத்திகை எல்லாம் வெயில் இருக்கும்போதே முடித்து, கேமராவை நிறுத்தி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

முகத்துக்கு ஒரு வழி. அப்பா டார்ச்சைத் தரையில் அடிக்கிறார் இல்லையா, கேமராவில் தெரியாத அளவுக்கு அந்த வட்டம் விழும் இடத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் துண்டைப் போடுங்கள். வெளிச்சம் திரும்பி முகத்தில் ஏறும். அது கீழிருந்து வருவதால் கண்ணுக்கு மேலே நிழல் விழும். நடிகர் கையை அசைத்தால் முகத்தில் வெளிச்சமும் கூடவே அசையும். அப்புறம், டார்ச்சைப் பிடிக்கிறவர்தான் நமக்கு லைட்மேன். அவருக்கு வசனத்தைவிடக் கை ஒத்திகை அதிகம் வேண்டும். கண் முதலில் திரும்பட்டும், ஒரு மூச்சு விட்டுக் கை திரும்பட்டும். இரண்டும் சேர்ந்தே திரும்பினால் பொம்மை மாதிரி இருக்கும்.

நடுகல் தேடி

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பள்ளி வேலை, விடுமுறையில் நடுகல் பார்க்கப் போவேன். நம் இரண்டு மாவட்டத்திலும் வரப்போரம், புளிய மரத்தடி, ஏரிக்கரை என்று எங்கு பார்த்தாலும் நடுகல். டார்ச் பற்றிப் பேச்சு வந்ததால் எங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் படத்துக்கு உதவும்.

தேய்ந்துபோன கல்வெட்டில் நேராக டார்ச் அடித்தால் ஓர் எழுத்தும் தெரியாது. கல் வெறும் பலகையாக நிற்கும். டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், கல்லோடு கல்லாக ஒட்டினாற்போல் படுக்கவைத்து அடித்தால், ஒவ்வொரு வெட்டும் தன் நிழலோடு எழுந்து வரும். சில எழுத்துக்கு இடப்பக்கமிருந்து அடிக்க வேண்டும், சிலதுக்குக் கீழிருந்து. வீரன் கையிலிருக்கும் வில்லின் நாண் ஒரு கோணத்தில் தெரியும், டார்ச்சைக் கொஞ்சம் தூக்கினால் மறைந்துவிடும். அதற்காகவே பொழுது சாய்ந்தபின் போவோம். பகலில் வெயில் நேராக விழுந்தால் படிக்கவே முடியாது.

உங்கள் படத்தில் யானைக் காலடி வருமென்றால் இப்படி எடுங்கள். மகன் செல்போன் லைட்டை மேலிருந்து அடிக்கிறான், மண் தட்டையாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. அப்பா குனிந்து டார்ச்சைத் தரையோடு படுக்க வைக்கிறார். குழியின் விளிம்பும் உள்ளே இருக்கும் வெடிப்புக் கோடுகளும் எழுகின்றன. இரண்டு பேரும் அதன் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது அப்போது தெரிகிறது. யானையைக் காட்டாமலே காட்டிவிடலாம்.

ராகிக்காடு

சார், அருமை. அப்படியே செய்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. கூடவே இதையும் வையுங்கள். முன்காலடியின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து, அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்தால் தோள் உயரம் வந்துவிடும். அப்பா இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அளந்து, மடக்கி, அந்த உயரத்தை இருட்டில் நிமிர்ந்து பார்க்கட்டும். லைட் தரையிலேயே இருக்கட்டும்.

அஞ்செட்டி வழி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கே எடுக்கப் போகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. காட்டோரம் நிஜ ராகிக் கொல்லையில், நிஜ சீசனில், ராத்திரியில் கேமராவோடு போய் நிற்பது உயிருக்கு ஆபத்து. அந்தச் சமயத்தில் காவலுக்கு இருக்கிறவர்களுக்கும் நீங்கள் தொல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் காடு நிறைய 2014ல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க முன் அனுமதி வாங்க வேண்டும். காட்டுக்குள் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு திரிகிறவனை வேட்டைக்காரன் என்றுதான் வனத்துறை முதலில் நினைக்கும்.

பாலக்கோடு பக்கமே ராகி போடுகிறார்கள் இல்லையா? காட்டுக்கு எட்டாத இடத்தில் தெரிந்தவர் கொல்லை ஒன்றைப் பாருங்கள். திரையில் இருட்டுதானே வரப்போகிறது. பரணை மட்டும் எங்கள் பக்கத்து ஆளை வைத்துக் கட்டுங்கள், அதன் கட்டு வேறு.

பாலக்கோட்டான்

நல்லவேளை சொன்னீர்கள் அண்ணா. மாரண்டஅள்ளிப் பக்கம் என் மாமாவின் கொல்லை இருக்கிறது, அங்கேயே எடுக்கிறோம். ஓசூர் அண்ணா சொன்ன நிலா லைட்டுக்கும் ஒத்துக்கொள்கிறேன், அது இல்லாமல் கயிறு அளக்கும் காட்சி புரியாது.

இப்போது வரிசை இப்படி இருக்கிறது. வரப்பில் நடை, வட்டம் தரையில். காலடி, கயிறு. பரண், லைட் அணைப்பு. சத்தம். மகன் பதறிப்போய் செல்போனை எடுக்கிறான், அப்பா மணிக்கட்டைப் பிடிக்கிறார். இருவருக்கும் நடுவே அவ்வளவு நாளாக இருந்த பேச்சில்லாத்தனம் அந்தப் பிடியில் உடைய வேண்டும், வசனம் கிடையாது. பிறகு அப்பா தன் டார்ச்சை மகன் கையில் கொடுக்கிறார். வட்டத்தைத் தரையிலிருந்து தூக்குவது மகன்தான். தூக்கியதும் கேமரா மகன் முகத்திலேயே நிற்கும். யானை வராது.

ஒரே சந்தேகம். அப்பா டார்ச்சும் மகன் செல்போனும் திரையில் வேறு வேறாகத் தெரிய வேண்டும். அப்பாவுடையது பழைய பல்பு டார்ச்சாக இருந்தால் நன்றாக இருக்குமா? சக்தி குறைந்து மஞ்சளாகிக்கொண்டே வருவதையும் காட்ட ஆசை.

ஓசூர் கேமரா

நல்ல யோசனை. பழைய பல்பு 3000 கெல்வினுக்குக் கீழே, நல்ல மஞ்சள். செல்போன் எல்இடி 6000 பக்கம், நீலம் கலந்த வெள்ளை. கேமராவின் ஒயிட் பேலன்ஸை நடுவில் 4300 போல வைத்தால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். செல்போனில் ரிஃப்ளெக்டர் கிடையாது, வெளிச்சம் அகலமாக விரிந்து சீக்கிரம் செத்துவிடும். 1 மீட்டரில் இருப்பதில் கால் பங்குதான் 2 மீட்டரில் இருக்கும். மகன் எதைப் பார்க்க வேண்டுமென்றாலும் பக்கத்தில் போயாக வேண்டும். கதைக்கும் அது உதவும்.

சக்தி குறையும்போது சிவந்து மஞ்சளாவது பல்பு டார்ச் மட்டும்தான். எல்இடி அப்படி ஆகாது, நிறம் மாறாமல் மங்கும். ஆனால் நிஜப் பல்பு டார்ச்சின் வெளிச்சம் அகல ஷாட்டுக்குப் போதாது. பழைய டார்ச்சின் உடலுக்குள் 18650 லித்தியம் செல் போட்டு எல்இடி பொருத்தி, முகப்பில் சிடிஓ ஜெல் (வெள்ளை வெளிச்சத்தை மஞ்சளாக்கும் ஆரஞ்சுத் தாள்) ஒட்டுங்கள். மங்கி மஞ்சளாகும் அந்த ஒரு குளோசப்புக்கு மட்டும் உண்மையான பல்பையும் பழைய பேட்டரிக் கட்டைகளையும் போடுங்கள். எல்இடி டார்ச் சூடேறினால் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு டேக் முடிந்ததும் அணைத்து ஆறவிட்டு, செல்லை மாற்றிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இல்லையென்றால் ஒட்டும்போது எடிட்டர் திட்டுவார்.

கிருஷ்ணகிரி எடிட்டர்

திட்ட மாட்டேன், ஆனால் ஷாட் ஒட்டாது. இன்னொன்று மட்டும். அந்தப் பழைய டார்ச்சின் தள்ளுசுவிட்ச் சத்தத்தை அமைதியான அறையில் மைக்கைப் பக்கத்தில் வைத்துத் தனியாகப் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். போடுவது, அணைப்பது, பாதி தள்ளி நிறுத்துவது, மூன்றும் வேண்டும். மகன் கையில் டார்ச் வந்தபின் அந்தப் பாதி தள்ளலைத்தான் நான் அதிகம் பயன்படுத்துவேன்.